அறுநூற்றுப் பதினொன்று

களியக்காவிளை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே
ரீசார்ஜ் கடைக்கும் நேந்திரம் சிப்ஸுக்கும் நடுவே
ஒன்றரை ஆள் அகலத்தில் எங்கள் கடை.
நரிமுகத் தொப்பி, நரிவால் சாவிக்கொத்து,
தொபாருவின் முகம் போட்ட டிபன் பாக்ஸ்.
பாறசாலைப் பிள்ளைகளுக்கு மலையாளத்தில் ஒரு விலை.
குழித்துறைப் பிள்ளைகளுக்குத் தமிழில்,
இருபது ரூபாய் குறைய.
கிங்ஸ்லி அண்ணன் கணக்கு அப்படி.

'சாம்பல் நரி'க்கு இது எண்ணூற்று எழுபத்து நாலாவது வாரம்.
முதல் வாரம் எனக்குப் பதிமூன்று வயது.

நேற்று டெல்லிப் பெட்டி வந்தது.
பிரித்தால், பொம்மைகளின் கழுத்துத் துண்டு சிவப்பு.
தொபாருவின் துண்டு சாம்பல் நிறம்;
ஊர் எரிந்த காலையில்
அந்தச் சாம்பலில் தோய்த்துக் கட்டிக்கொண்டது.
முன்பென்றால் திருப்பி அனுப்பச் சொல்லி
அண்ணனோடு ஒரு வாரம் பேசியிருக்க மாட்டேன்.
நேற்று எண்ணினேன், இருநூற்று நாற்பது.
ஆணியில் மாட்டினேன்.

சலிப்பு ஒரே நாளில் வந்ததல்ல.
அவன் வாளை ஓங்கிய வாரம் எனக்குக் காய்ச்சல்.
காய்ச்சல் விட்டு, ஓணக் கூட்டம் முடிந்து,
புதுச் சரக்கு வந்து தீர்ந்து,
வாள் இன்னும் இறங்கவில்லை.
நாலாவது முறையாகச் செத்து
நாலாவது முறையாக அவன் எழுந்தபோது
நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன்.
கை நிற்கவில்லை என்பதை
கடைசித் துண்டையும் மடித்த பிறகுதான் கவனித்தேன்.
அது அறுநூற்றுப் பதினொன்று.

வெறுத்திருந்தால்கூடத் தேவலை.
வெறுப்புக்கும் ஒரு தெம்பு வேண்டும்.

இன்று படந்தாலுமூட்டிலிருந்து ஷிஜின் வந்தான்,
தோளில் ஒரு ரேஷன் அரிசிச் சாக்கு.
வெள்ளிக்கிழமை தவறாமல் ஒன்று வாங்குகிறவன்.
"மஸ்கட் போறேன்க்கா. முப்பது கிலோதான் விடுவான்.
எல்லாத்தையும் எடுப்பியளா?"
கொட்டினேன். பாதிக்கு மேல் என் கையெழுத்தில் விலைச்சீட்டு.
"நூத்துக்கு முப்பதுதான் தரமுடியும்,
ஆனா ஒண்ணு சொல்லிட்டுப் போ,
வாற வாரம் யாரு சாவான்?
செத்தவன் சரக்குதான் சீக்கிரம் போகும்."
அவன் செருப்பைப் பார்த்தான்.
"பாக்கதில்லக்கா."
"எப்ப இருந்து?"
"ஐந்நூத்தித் தொண்ணூறு."
"பின்ன வெள்ளிக்கு வெள்ளி?"
"நீங்க அவ்வளவு ஆசையாட்டு சொல்லுவியளே."

நான் சொன்னதெல்லாம்
பெட்டியின் பின்பக்கத்து நாலு வரி.
அவன் வாங்குகிறானே என்று நான் சொல்ல,
நான் சொல்கிறேனே என்று அவன் வாங்க,
ஐந்து வருட வெள்ளிக்கிழமைகள்.
உன்னைவிட இருபத்தொரு வாரம் கூடுதலாக
நேசித்திருக்கிறேன்டா என்றேன்.
சிரித்தோம். அப்புறம் சிரிக்க எதுவுமில்லாமல்
பணத்தை எண்ணிக் கொடுத்தேன்.
திருவனந்தபுரம் பஸ் வந்தது, ஏறிப் போனான்.

சாக்கில் கடைசியாக ஒன்று கிடந்தது.
வால் ஒடிந்து பெவிக்குவிக்கில் நின்றது.
'உடைசல்' என்று நோட்டில் எழுதப் போகையில்
சீருடையில் ஒரு சிறுமி,
சிவப்புத் துண்டைப் பிடித்து இழுத்தாள்.
"சேச்சி, இது தெற்றாணு. துண்டு சாம்பலல்லே?"
எத்தனையாவது பார்க்கிறாய் என்றேன்.
மூன்று விரல். உடனே காதைப் பொத்திக்கொண்டு,
"ஒன்னும் பறயல்லே!"

சொல்லவில்லை.
ஒட்டுவாலை எடுத்து முன்னால் வைத்தேன்.
துண்டை முகர்ந்து பார்த்தாள்,
புகை வாசம் வரும் என்பதுபோல.

கிங்ஸ்லி அண்ணன் சாயாவுக்குப் போயிருந்தார்.
தமிழ் விலையை
மலையாளத்தில் சொன்னேன்.