முள்ளங்கியின் மறுபாதி

சைக்கிள் நிறுத்துமிடத்தை ஒட்டி
ஒரு இயந்திரம் நிற்கிறது, மழையிலும் பனியிலும்.
அட்டையைக் காட்டினால் வாய் திறக்கும்.
எச்சிலும் மிச்சமும் கொட்டியதும் மூடிக்கொண்டு
எடையைச் சொல்லும், பெண் குரலில்,
கொஞ்சமும் கோபமில்லாமல்:

ஒன்று புள்ளி எட்டு ஆறு கிலோ.

சியோலில் இரவு பத்தரை மணி.
பின்னால் வாளியோடு நின்ற தாக் கி-ஜூன்
தொண்டையைச் செருமினார்.
இருவர் மட்டும் வாழும் வீடு என்று அவருக்குத் தெரியும்.

அந்த எடையில்
நாங்கள் சாப்பிட்டது ஒன்றுமில்லை.
சாப்பிட நினைத்தது அத்தனையும் இருந்தது:
கஞ்சியாய்க் கரைந்த வெள்ளரி, புளித்த டோஃபு,
ஞாயிற்றுக்கிழமை ஆரோக்கியமாக மாறிவிடுவோம் என்று
வெள்ளிக்கிழமை வாங்கிய கீரை.

வெள்ளரி ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்.
முதல் பாக்கெட்டுக்குக் கடையில் பணம் கொடுத்தேன்.
இரண்டாவதுக்கு இங்கே கொடுக்கிறேன்,
கிராம் கணக்கில், மாதக் கடைசியில்.

சுவரில் நோட்டீஸ்:
எலும்பு போடாதீர். முட்டை ஓடு போடாதீர்.
வெங்காயச் சருகு கூடாது.
மிருகங்கள் தின்ன முடியாததை இதில் போடாதீர்.
அப்படியென்றால் நான் போட்டதெல்லாம்
ஏதோ ஒரு பன்றிக்கு விருந்து.
அலுவலகம் விட்டு, இரண்டு ரயில் மாறி,
பை கனக்கக் கனக்க
யாருக்காக இத்தனை நாள் சந்தைக்குப் போய் வந்தேன்?

மறுநாள் ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஒட்டினேன்.
வாங்க வேண்டியவை அல்ல,
உள்ளே இருப்பவை.
அரை வெங்காயம். ஒரு கிண்ணம் சோறு. நான்கு காளான்.
கடைசி வரியை என் கணவர் எழுதினார்:
மூலையில் ஏதோ பச்சையாக. பெயர் சொல்ல மறுக்கிறது.

டோஃபுவுக்கு எஃகு டப்பா கொண்டுபோனேன்.
பேருந்தில் மூடி கழன்று
மடி நனைந்தது.
அடுத்த வாரம் டப்பாவை மறந்தேன்;
பிளாஸ்டிக் பையில் வாங்கிக்கொண்டு
யாரோ என்னைப் பார்ப்பதுபோல நடந்தேன்.
யாரும் பார்க்கவில்லை. பை மட்டும்
இன்னும் இருக்கிறது இழுப்பறையில்.
எனக்குப் பிறகும் இருக்கும்.

பிறகு அந்த முள்ளங்கி.

இலையுதிர்காலத்து முள்ளங்கி, மண் காயாதது,
என் முன்னங்கை நீளம்,
தூக்கினால் தூங்குகிற குழந்தையின் கனம்.
பாதி கிடைக்குமா என்றேன்.
"வெட்டினதை எவள் வாங்குவாள்?" என்றாள் கடைக்காரி,
கத்தியைத் தொடாமல்.
நான் நகரவில்லை.
அவளும் நகரவில்லை.
எங்கள் நடுவே அது வெள்ளையாகப் படுத்திருந்தது.

"மீதியை எனக்குக் கொடுங்க."

ஹெல்மெட்டைக் கழற்றாத ஒரு பையன்.
வெளியே அவன் வண்டி அணையாமல் உறுமிக்கொண்டிருந்தது,
பெட்டியில் யாருடைய சாப்பாடோ.
"மேல்பாதி உங்களுக்கா எனக்கா?"
பச்சை ஓடிய மேல்பாதி இனிக்கும், பச்சையாகவே தின்னலாம்.
கீழ்ப்பாதி காரம், கொதிக்கவைத்தால்தான் அடங்கும்.
எனக்குத் துருவி வினிகரில் ஊறப்போட.
அவனுக்குச் சூப்.
பேரம் முடிந்தது.
ஒரே வெட்டு.
இரண்டு பக்கமும் ஒரே ஈரம், ஒரே வட்டம்.

அவன் பெயரைக் கேட்கவில்லை.
அன்றிரவு துருவிக்கொண்டிருக்கும்போது நினைத்தேன்:
இந்த ஊரில் எங்கோ ஒரு அறையில்
இதன் மறுபாதி கொதித்துக்கொண்டிருக்கும்.
அல்லது அவனும் மறந்து,
அடுத்த வியாழன் ஏதோ ஒரு வாசலில்
அட்டையைக் காட்டிக்கொண்டு நிற்பான்.

நூற்று நாற்பது கிராம், என்றது இயந்திரம்.
தாக் கி-ஜூன் எட்டிப் பார்த்தார்.
"பழுதா?"

போன சனிக்கிழமை சந்தைக்குப் போனேன்.
பலகையில் ஈரத்துணி விரித்து
மூன்று முள்ளங்கி, ஏற்கெனவே வெட்டியவை,
வெட்டுமுகம் கீழே பார்க்க.
கடைக்காரி என்னைக் கண்டுகொள்ளவேயில்லை.
பாதியின் விலையை மட்டும்
பாதியைவிடக் கொஞ்சம் கூட்டி எழுதியிருந்தாள்.