மைக்ரோ நொடிக்குப் பத்து நாள்

திங்கள் மாலை ஐந்தேகாலுக்குப்
பெட்டியை நிரப்பி முடித்தேன்.
நூற்றிருபத்தெட்டுக் கொழுப்பு மூலக்கூறு,
இரண்டு பாய் விரித்தாற்போல்,
வாலோடு வால் ஒட்ட, தலை தண்ணீர் பார்க்க.
ஒன்பதாயிரம் தண்ணீர். கொஞ்சம் உப்பு.
மேலே, எதையும் தொடாமல்,
ஒரு தவளைத் தோலிலிருந்து கடன் வாங்கிய பெப்டைடு:
இருபத்தொரு மணிச் சரம், ஐந்து நேர்மின்னேற்றம்.
ஓடு என்று தட்டிவிட்டுச்
சுங்கை டுவாவில் மீ கோரிங் தின்னப் போனேன்.

ஐந்து லட்சம் அடி வைத்தால்தான்
ஒரு நானோ நொடி நகரும்.
ஒவ்வோர் அடிக்கும் எல்லா அணுவையும் கேட்கவேண்டும்,
உன்னை யார் இழுக்கிறார், யார் தள்ளுகிறார் என்று.
எங்கள் சர்வர் நாளுக்கு நூறு நானோ நொடி கேட்கும்,
ஏர்கோன் ஒத்துழைத்தால்.

பெட்டிக்குச் சுவர் கிடையாது.
வலப்பக்கம் போனது அந்தக் கணமே
இடப்பக்கம் வந்துவிடும்.
பட்டர்வொர்த்துக்கு ஃபெரி ஏறியவன்
இறங்கிப் பார்த்தால்
மறுபடியும் பினாங்குத் துறைமுகம்.
ஒன்பதாயிரம் தண்ணீரும் கடல் என்று நம்புவது
இந்தக் கணக்கால்தான்.

அறுபத்திரண்டாவதில் ஒரு லைசின் கை நீட்டியது.
பாக்டீரியாவின் சவ்வு எதிர்மின்னேற்றம்,
நம் செல்லின் மேல்தோல் ஏறக்குறைய நடுநிலை.
பகைவன் யார் என்று அதற்குத் தெரிவது அவ்வளவுதான்.
தெரிவது என்பதே தப்பு.
தெரிந்துகொள்ள அங்கே ஆளில்லை.
வாசல், சாவி, குடிநுழைவு அதிகாரி
என்றெல்லாம் குறிப்பேட்டில் எழுதிப் பார்த்து
மூன்றையும் அடித்தேன்.
சவ்வு வாசலல்ல. எண்ணெய்.
ஓயாமல் ஆடிக்கொண்டிருக்கும் எண்ணெய்.

இரவுக் காவலர் ருஸ்லி எட்டிப் பார்த்தார்.
திரையில் நெளிகிற மஞ்சளைக் காட்டி, என்ன இது?
லெமாக், என்றேன்.
நாசி லெமாக் மாதிரியா?
சிரித்துவிட்டு விளக்கை அணைக்காமல் போனார்.

ஐந்தாம் நாள் மிண்டன் குன்றில் இடி இறங்கியது.
கரண்ட் போய்க் கரண்ட் வந்தது.
தொலைந்தது மூன்று நானோ நொடி.
சேமித்த இடத்திலிருந்து திரும்ப ஓட்டினேன்,
வேறு மூன்று வந்தது.
முந்தைய மூன்றில் என்ன நடந்திருக்கும் என்று
அரைநாள் யோசித்தேன்.
வேலை எதுவும் ஆகவில்லை.

பிறகு அது படுத்தது.
சவ்வின் மேல் நீட்டி நிமிர்ந்து,
டிரிப்டோஃபான் ஒன்றை மட்டும் ஆணிபோல் உள்ளே ஊன்றி.
எழுநூறு. எண்ணூறு. படுத்தேதான் கிடந்தது.

கீழ்த்தளத்தில் திலகேஸ்வரி
அதே பெப்டைடை அசல் பாக்டீரியாமேல் ஊற்றியிருந்தாள்.
படம் அனுப்பினாள்: வெறும் தட்டு.
இருபது நிமிஷம், எல்லாம் குளோஸ்,
உன்னுடையது இன்னும் தூங்குதா?

அவளுடைய இருபது நிமிஷத்தை
என் வேகத்தில் கணக்குப் போட்டேன்.
மூன்று கோடியே இருபத்தெட்டு லட்சம் வருஷம்.
அனுப்பினேன்.
அப்போ சாப்பிட்டுட்டே உட்காரு, என்று பதில்.
அவள் தட்டில் ஆயிரம் ஆயிரம் பெப்டைடு,
ஒன்றையொன்று முட்டிக்கொண்டு.
என் பெட்டியில் ஒன்று.

வியாழன் டாக்டர் லிம் கேட்டார், நுழைந்ததா?
நுழையவில்லை என்று டைப் செய்தேன்.
அழித்தேன்.
நான் கொடுத்த நேரத்துக்குள் நுழையவில்லை.
அதுவும் நீளமாக இருந்தது. ஆனாலும் விட்டுவைத்தேன்.

ஒன்று சொல்ல மறந்தேன்.
எண்ணூற்று எழுபத்தொன்றாவது நானோ நொடியில்,
பெப்டைடு படுத்து மெலிந்திருந்த இடத்தருகே,
ஒரு தண்ணீர், எண் நாலாயிரத்து நானூற்றுப் பதினேழு,
எண்ணெய்க்குள் இறங்கியது.
வால்களுக்கு நடுவே தனியாக நின்றது.
எந்தப் பக்கமும் இழுக்காத மாதிரி ஒரு கணம்.
பிறகு அந்தப்புறம் போய்
மற்றத் தண்ணீரோடு கலந்துவிட்டது.

அதைப் பற்றி யாரும் கேட்கவில்லை.
அந்தத் துண்டை மட்டும் வெட்டித்
தனிக் கோப்பில் வைத்திருக்கிறேன்.