அறிவிக்காத சரக்கு

டொக்டர் மிஹிரி தாளொன்றில்
ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம் கீறினா.
அப்பாவின் சதுரத்தைக் கோடொன்று சாய்வாய் வெட்டியது.
கேதீசண்ணையின் சதுரத்தையும்:
முப்பத்தேழு வயசு, பம்பலப்பிட்டி ஸ்டேசன் படி,
சட்டைப்பையில் மாதம் முடியாத சீசன் டிக்கட்.

என் ரத்தம் கடல் தாண்டிப் போய்
ஐந்து கிழமை கழித்துக் கடதாசியாய் வந்திருக்கிறது.
இறைச்சி தொடாத எனக்கு,
இடியப்பத்துக்குப் பால்சொதியையும் விட்ட எனக்கு,
முந்நூற்றித் தொண்ணூறு.
"இது சாப்பிட்டு வந்ததில்லை, கூடவே வந்தது" என்றா.

நான் துறைமுகத்தில் கிளியரிங் வேலை.
பெட்டியைத் திறக்காமலே
தாளைப் பார்த்துச் சொல்வேன், எந்த வரி பொய்யென்று.

"அப்பாவுக்கு வேற பிள்ளைகள்?"

கதவுக்கு வெளியே அம்மா
நம்பர்த் துண்டை மடித்து மடித்து விரித்துக்கொண்டிருந்தா.
அப்பாவின் கருவிழியைச் சுற்றியிருந்த சாம்பல் வளையம்
வடிவென்று இன்னும் சொல்கிறவ.
அதுவும் கொழுப்புத்தான்.
அதை நான் சொல்லப்போவதில்லை.

"இல்லை" என்றேன்.
பேனை தாளைவிட்டு எழும்பவில்லை.
"ஒரு ஆள் இருக்கு. இரத்மலானையில."

டொக்டர் நிமிர்ந்து பார்க்கவில்லை.
புள்ளிக்கோடு ஒன்றை இழுத்து
முனையில் ஒரு வட்டம் போட்டா.
நாற்பது வருசம் எங்கள் வீட்டில்
ஒருவரும் கீறாத கோடு.
இரண்டு செக்கன் எடுத்தது.

கனத்தையில் அப்பாவை எரித்த அன்று
வெள்ளைச் சாரியில் மதிலோரம் நின்றவள்
நாங்கள் பார்த்ததும் திரும்பி நடந்தாள்.
முகம் ஞாபகமில்லை.
குதிகாலுக்கு மேல் நரம்பு தடித்து
புளியங்கொட்டை புதைத்ததுபோல் இரண்டு முடிச்சு,
அது ஞாபகம்.
சப்பாத்துப் போடும்போதெல்லாம்
என் விரல் தடவுகிற அதே முடிச்சு.

பாதிக்குப் பாதி என்கிறது கடதாசி.
கடதாசி அந்தக் கால்களைப் பார்க்கவில்லை.

அப்பாவின் டயறியில் அவள் நம்பர்
'மெக்கானிக், ஆர்.' என்ற பேரில் இருந்தது.
மூன்று இரவு சிங்களத்தில் ஒரு வசனம் பாடமாக்கினேன்.
நாலாம் இரவு வெள்ளவத்தை மொட்டைமாடியில்
பாணந்துறை ரயிலின் சத்தம் தேயும்வரை நின்று
அழுத்தினேன்.

"கவுத?"

பாடமாக்கியது எங்கோ போய்விட்டது.
"உங்கட கால்..." என்று தமிழில் தொடங்கிவிட்டேன்.

அந்தப் பக்கம் ஒரு மூச்சு.
யாரோ டீவியைக் குறைக்கிற சத்தம்.
பிறகு அப்பாவின் அதே இழுவையில், தமிழில்:

"சொல்லுங்கோ.
எனக்கு ஒன்பது வயசில ஒரு மகன் இருக்கிறான்."