உள்தோல்

கொருக்குப்பேட்டை பூரா பைப் மாத்துனவன் நான்.
துரு எனக்குத் தெரியும்.
"அடைப்புதானே டாக்டர்? கம்பி விட்டுக் குத்துங்க."

ஸ்டான்லியில் அந்தப் பொண்ணு
ஆஞ்சியோ படத்திலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்:
"பைப் இல்ல தேசிங்கு, அது உயிர்."

வெங்காயச் சருகைவிட மெல்லிசாய் ஓர் உள்தோல்.
ரத்தம் வேகமெடுத்தால்
தானே நெகிழ்ந்து வழிவிடுமாம்.
பதினொரு வருஷச் சர்க்கரையில்
நெகிழ மறந்துபோச்சாம்.

வெள்ளைக்காரன் புதைத்த இரும்பு
ஒருநாளும் எனக்காக நெகிழ்ந்ததில்லை.
நடுராத்திரிப் பள்ளத்தில் நின்றபடி
ஆறு டீ குடித்தேன்,
ஒவ்வொன்றிலும் ரெண்டு ஸ்பூன் தூக்கலாய்.

வாசல் டீக்கடையில் புஷ்பம் சத்தமாய்ச் சொன்னாள்:
"ஒண்ணு சக்கரை இல்லாம."

முறைக்கத் திரும்பினேன்.
நின்றுகொண்டிருந்தாள்,
கையில் என் எக்ஸ்ரே கவர், மாத்திரைப் பை.

பெஞ்சில்
கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தேன்.