நாகலூர், எட்டாம் வகுப்பு, ஒலி

சேலத்திலிருந்து முதல் பஸ்.
இருபது கொண்டை ஊசி வளைவிலும்
மடியிலிருந்த படிவங்கள் ஒரு பக்கம் சரிந்து
அடுத்த வளைவில் திரும்பி வந்தன.
முகப்பில் யாரோ ஒரு பழமொழி அச்சடித்திருந்தார்கள்:
இரு கை தட்டினால்தான் ஓசை.
அதற்குக் கீழே பதினாறு கேள்வி,
ஒன்று முதல் ஐந்து வரை வட்டங்கள்.

வகுப்பில் ஒரு மேசை, ஒரு நாற்காலி.
நாற்காலி மரகதவல்லி டீச்சருடையது,
அறிவியல், பதினோரு வருஷம்.
பெர்னதெத் சிறப்பாசிரியர்,
ஐந்து பள்ளிக்கு ஒருவர்,
செவ்வாயும் வெள்ளியும் மட்டும் இங்கே.
பையை ஜன்னல் கம்பியில் மாட்டிவிட்டு
பிள்ளைகளின் பெஞ்சு நுனியில் உட்கார்ந்தார்.
கேள்வி மூன்று: இருவருக்கும் சம இடம் உண்டா?
ஒன்றைச் சுழித்தேன்.

செல்போனில் ஸ்டாப்வாட்ச்.
பாடம் முடிகையில் மரகதவல்லி பேசியது முப்பத்தொரு நிமிடம்,
பெர்னதெத் நான்கு,
அதிலும் பாதி ‘யாருப்பா அங்க சிரிக்கிறது’.
கேள்வி ஐந்துக்கும் ஒன்றுதான் தேறும்.

ஆனால் இருபதாவது நிமிடத்தில் கரண்ட் போயிருந்தது.
கம்பிகளுக்கு நடுவே பனிமூட்டம் உள்ளே வந்து
முன்வரிசைத் தலைகள்கூட மங்கின.
மரகதவல்லி வாக்கியத்தை நிறுத்தவில்லை.
அதன் நடுவிலேயே நான்கடி நகர்ந்து
ஜன்னலைப் பார்த்து நின்றார்,
மிச்ச வெளிச்சம் முழுக்கத் தன் வாயில் விழும்படி.
மூன்றாம் பெஞ்சுப் பொன்னுரங்கன்
அந்த வாயைத்தான் படித்துக்கொண்டிருந்தான்.
காதுக் கருவியில் பேட்டரி தீர்ந்து ஒன்பது நாள்.
பெர்னதெத் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை,
கடைசி பெஞ்சில் ஒருத்திக்குப் படம் வரைந்துகொண்டிருந்தார்.
நிமிர வேண்டியதில்லை என்று ஆவதற்கு
எத்தனை செவ்வாய் ஆகியிருக்கும்?
அதற்கு வட்டம் இல்லை.

இசைக்கவையைத் தட்டி
தண்ணீர்க் கிண்ணத்தில் தொட்டார்கள், தெறித்தது.
தன் முறை வந்ததும் பொன்னுரங்கன்
அதன் காம்பைப் பல்லில் வைத்தான்.
அந்த முகத்தை
‘ஆர்வம்: நன்று’ என்றே எழுதிப் பழகிய கையால்
நான் எப்படி எழுத.
அப்புறம் முப்பத்தெட்டுப் பேரும்
காதைப் பொத்திக்கொண்டு பல்லால் கேட்க வரிசை கட்டினார்கள்.
பெர்னதெத் முந்தானையில் துடைத்துத் துடைத்துக் கொடுத்தார்.

கேள்வி ஒன்பது: செயல்பாட்டைத் திட்டமிட்டவர் யார்?
பெர்னதெத் என்றார் மரகதவல்லி.
மேடம்தான் என்றார் பெர்னதெத்.
பேரிக்காய் கடித்துக்கொண்டிருந்தவனைக் கேட்டேன்.
எஸ்டேட்டில் காப்பிப்பழ மெஷின் ஓடுதா நிக்குதா என்று
கம்பியைக் கடித்துத்தான் பார்ப்பானாம்.

மறுநாளும் போனேன். படிவம் கேட்கவில்லை.
புதன்கிழமை. பெர்னதெத் வெள்ளக்கடையில்.
மரகதவல்லி ஜன்னலைப் பார்த்துத்தான் ஆரம்பித்தார்.
பத்து நிமிடம்.
பிறகு சூத்திரம் வந்தது, கரும்பலகை வந்தது,
கரும்பலகையிடமே பேசிக்கொண்டிருந்தார்.
பொன்னுரங்கன் அவர் பின்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.
பக்கத்துத் தேனரசி தன் நோட்டை
அவன் பக்கம் கொஞ்சம் தள்ளினாள்,
பெல் அடிக்கும்வரை இழுத்துக்கொள்ளவில்லை.
அவனை யாரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.
கேட்க மறந்தவர் கெட்டவர் இல்லை,
அவருக்கு முப்பத்தெட்டுப் பேர்.

இறங்கும் பஸ்ஸில்
மொத்த மதிப்பீடு மூன்று என்றேன், அழித்தேன்.
செவ்வாய்க்கு ஐந்து.
புதனுக்கு என்ன போடுவது,
இல்லாத ஒருவருக்கு?

பிற குறிப்புகள்: இரண்டு வரி இடம்.
இன்னொரு நாற்காலி.
பேட்டரி, நாளைக்கே.
இரண்டு நாள் போதாது, மற்ற நாளைப் போய்ப் பார்க்கவும்.
மூன்றாவது வரி ஓரத்தில் ஏறி வளைந்து
கீழே இறங்கியது.
அடிவாரம் வந்தபோது
கையெழுத்துக்கு இடம் இல்லை.