மூன்றாம் எண் கூண்டு

முப்பத்தொரு வருஷம் கடலூர்த் துறைமுகத்தில்
புயல் கூண்டு ஏற்றியவன் நான்.
சென்னையிலிருந்து எண் வரும்.
ஒன்று. மூன்று. சில வருஷம் பத்து.
கயிற்றை இழுப்பேன்.
முடிவு எடுப்பது என் வேலையில்லை.

மஞ்சக்குப்பத்து டாக்டரம்மா
சீட்டில் பிஎஸ்ஏ என்று எழுதி
என் பக்கம் நகர்த்தினார்.
'எடுக்கலாம், எடுக்காமலும் இருக்கலாம்.
எண் கூடினால் புற்று என்றில்லை,
குறைந்தால் இல்லை என்றுமில்லை.
இருந்தாலும் பலருக்கு அது பாட்டுக்குக் கிடக்கும்,
அதோடேயே எண்பதைத் தாண்டுவார்கள்.
நீங்கதான் சொல்லணும்.'

ஊசி என்றால் கையை நீட்டியிருப்பேன்.
மூத்திரம் நன்றாகத்தான் போகிறது.
அதுதான் குழப்பமே.

மைத்துனன் மெய்யழகன் எடுத்தான்.
எண் ஏறியிருந்தது.
பின்வழியாக ஊசி விட்டுப் பன்னிரண்டு துணுக்கு,
ஒன்பது நாள் காய்ச்சல்,
கடைசியில் ஒன்றுமில்லை.
'மானம் போச்சு மாமா' என்று
புதுச்சேரி ஆஸ்பத்திரி வாசலில்
டீயை ஊதி ஊதிக் குடித்தான்.

காதர் சுல்தான் எடுக்கவில்லை.
முதுகுவலி என்று ஒரு வருஷம் தைலம் தேய்த்தார்.
எலும்பில் கண்டுபிடித்தார்கள்.

எத்தனை கூண்டு ஏற்றியிருப்பேன்!
பாதிக்கு மேல் ஓங்கோல் பக்கம் போயிற்று.
நாலு நாள் படகு இறங்காத ஆத்திரத்தில்
தேவனாம்பட்டினத்துக்காரி ஒருத்தி
கம்பத்தடியில் நின்று கேட்டாள்:
'உன் கூண்டா என் வீட்ல உலை வைக்கும்?'
இன்னும் பதில் கிடைக்கவில்லை.
தானே வந்த விடியலில் கூண்டு சரியாகத்தான் இருந்தது.
அன்று யாரும் கம்பத்தைப் பார்க்கவில்லை,
அவரவர் கூரையைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

பவளக்கொடி மீன் கழுவிக்கொண்டே கேட்டாள்:
'நம்பர் வந்தா என்ன பண்ணுவீங்க?
அத மொதல்ல சொல்லுங்க.'
கயிறு இழுத்தவனிடம்
யாரும் கேட்டதில்லை இதை.
மூன்று ராத்திரி ஆயிற்று சொல்ல.
கூடினால், இன்னொரு தரம் எடுப்பேன்.
அப்புறமும் கூடினால் ஸ்கேன்.
ஊசிக்கு ஓட மாட்டேன்.
இருந்து, சின்னதாக இருந்தால்,
பார்த்துக்கொண்டே இருப்பேன்,
கடலைப் பார்த்த மாதிரி.
'பார்த்துக்கிட்டே இருப்பீங்களா, நீங்களா?'
என்றாள்.
அது எனக்கும் தெரியவில்லை.

சனிக்கிழமை, திருப்பாதிரிப்புலியூர் லேப்.
வெறும் வயிற்றோடு போயிருந்தேன்,
அது தேவையே இல்லையாம்.
ரப்பர் குழாயைக் கட்டி
'கையை இறுக்குங்க சார்' என்றது அந்தப் பெண்.
இறுக்கினேன்.
குப்பி நிறைந்தது, பஞ்சு வைத்தாள்,
பெயர் எழுதி ஒட்டினாள்.

'சார், முடிஞ்சிடுச்சு.
கையை விடுங்க.'