கடலுக்குப் போகாத பதினெட்டு நாள்

அமாவாசைக்கு ஆறு, பௌர்ணமிக்கு ஆறு.
பாசி எடுக்க நாங்களே வகுத்த கணக்கு.
மற்ற பதினெட்டு நாளும்
பாறையைப் பாசிக்கே விட்டுவிடுவோம்.

அந்தப் பதினெட்டில்தான்
எனக்கு அது வந்தது.

என்ன நடந்தது என்று கேட்டது சின்னப்பாலம்.
ஒன்றும் நடக்கவில்லை.
சங்கத்துக் கடன் பங்குனியிலேயே அடைந்துவிட்டது.
அவர் ஒவ்வொரு முறையும் திரும்பி வந்துவிடுகிறார்,
வலை கிழிந்தாலும் ஆள் முழுசாக.
மகள் பத்தாவதில் நானூற்றுப் பதினொன்று.
ஒன்றுமே நடக்காத வீட்டில்
அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து
தீக்குச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்,
உரசாமல்.

சொறிமுட்டை பட்டால் எனக்குத் தெரியும்.
கரையிலேயே படர்ந்து கிடக்கும் அடப்பங்கொடி,
கசக்கி வைத்து அழுத்தினால்
மதியத்துக்குள் எரிச்சல் இறங்கும்.
பாறை கிழித்த விரலுக்குக் குப்பைமேனியும் மஞ்சளும்.
உப்பில் ஊறிய முழங்காலுக்கு நொச்சி வெந்நீர்.
எங்கே வலி என்று காட்டு,
இலை எது என்று சொல்லிவிடுவேன்.
இதை எங்கே என்று காட்டுவது?

நாத்தனார் ஓதிய தண்ணீர் வாங்கி வந்தாள்.
குடித்தேன்.
அன்றைக்கு நான் குடித்த ஒரே தண்ணீர் அது.

ஆறாம் நாள் ஜெனோவா வந்தாள்.
முயல் தீவுப் பக்கம் என்னோடு முங்குகிறவள்,
என் பைக்குப் பக்கத்துப் பை.
ஏன் என்று கேட்கவில்லை.
சீப்பை எடுத்தாள்.
சிக்கு எடுக்க ஒரு மணி நேரம்.
நடுவில் ஒருமுறை
வலிக்குது என்றேன்.
அப்பாடா என்றாள்.

மறுநாள் ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரி.
நம்புச்செல்வி, நம்புச்செல்வி என்று கூப்பிட்டார்கள்,
யாரையோ என்று இருந்தேன்.
டாக்டர் சின்னப் பெண்.
ராத்திரிக்கு அரை மாத்திரை என்றாள்.
வெயில் ஏறுமுன் நடக்கச் சொன்னாள்.
தூதுவளை ரசம் வைக்கலாமா என்றேன்.
வைங்க, ஆனா எந்த இலை போட்டாலும் எனக்குச் சொல்லுங்க,
மாத்திரையை மட்டும் நீங்களா நிறுத்தாதீங்க என்றாள்.
பிறகு,
மூச்சை மெதுவா இழுங்க, பிடிங்க, விடுங்க.

இழுத்தேன்.
பிடித்தேன்.
மின்விசிறி சுற்றியது.
வெளியே யாரோ டோக்கன் எண் கேட்டார்கள்.
பேனா எழுதுவதை நிறுத்தியது.
விடுங்கம்மா என்றாள் பயந்துபோய்.
ஜெனோவா சிரித்துவிட்டாள்.
இருபது வருஷமாக மூச்சை அடக்கித்தான் சோறு.
எனக்கு விடத்தான் தெரியவில்லை.

எங்கள் மணலில் வல்லாரை வராது.
சந்தையில் வேரோடு வாங்கி
உடைந்த ஐஸ் பெட்டியில் வண்டல் போட்டு வைத்தேன்.
குடம் பத்து ரூபாய்க்கு வாங்குகிற தண்ணீரை
செடிக்கு ஊற்ற மனசு வராது.
அரிசி கழுவின தண்ணீர்தான் அதற்கு.
அது வாடாமல் இருக்க
நான் அரிசி கழுவ வேண்டும்.
கழுவினால் உலை வைக்க வேண்டும்.
உலை வைத்தால்
தீக்குச்சி உரச வேண்டும்.

இலை நான் தின்றது கொஞ்சம்.
ஆடு தின்றதுதான் அதிகம்.

காலையில் பாலம் வரைக்கும் நடக்கிறேன்.
கச்சான் காற்று எதிரே தள்ளும் நாளில்
பாதியிலேயே திரும்பிவிடுவேன்.
எங்கே திரும்பினாலும் நின்று
ஒரு தடவை முழுசாக விடுகிறேன்,
நுரையீரலின் அடிமணல் தெரிகிற மட்டும்.

போய்விட்டதா என்றால், இல்லை.
போன மாசம் பௌர்ணமி கழிந்து மறுபடி வந்தது,
ரெண்டு நாள் பாயில் கிடந்தேன்.
மூன்றாம் நாள் செடி தலை தொங்கியிருந்தது.
எழுந்தேன். அவ்வளவுதான்.

அமாவாசைக்கு இன்னும் ஐந்து நாள் இருக்கிறது.
இன்று மதியம் ஜெனோவா வந்தாள்.
வெயிலில் நடந்து வந்தவள்
தண்ணீர் கேட்கவில்லை.
தலையை விரித்துக்கொண்டு
எனக்கு முன்னால் உட்கார்ந்தாள்.
பேன் பாரு நம்பு என்றாள்.
பார்த்தேன்.
பேன் இல்லை.
பார்த்துக்கொண்டே இருந்தேன்.